மெத்தையில் பிழையா, கட்டிலில் பிழையா? ஃபோம் மெத்தையின் குறைகளைப் பிடிக்கும் வழி

களுவாஞ்சிகுடிப் பக்கம் குஷன் வேலை செய்கிறவன் நான். செற்றி, ஓட்டோ சீற், வான் சீற் என்று தொடங்கியது, இப்போது பாதி நாள் மெத்தைகளைப் பிரித்துப் பார்ப்பதிலேயே போகிறது. ஓட்டோவின் கூரையில் மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், இறக்கி வைத்ததும் சொல்கிற முதல் வசனம் எல்லோருக்கும் ஒன்றுதான்: "கடையில நல்லா அமுக்கிப் பார்த்துத்தான் வாங்கினோம்." அந்த அமுக்கலில்தான் ஏமாறுகிறோம். கையால் அமுக்கினால் ஃபோம் எவ்வளவு இறுக்கம் என்று தெரியும், எவ்வளவு காலம் உழைக்கும் என்று தெரியாது. காலத்தைச் சொல்வது அதன் எடை. அதனால் கீழே எந்தக் குறையைப் பார்க்கத் தொடங்கினாலும் கையில் மூன்று சாமான் வேண்டும்: அளவு நாடா, ஒரு நைலோன் நூல், அப்புறம் நெல் மூட்டை நிறுக்கிற கொக்கித் தராசு. எங்கள் பக்கத்தில் தராசு இல்லாத வீடு இருந்தாலும் தராசு இல்லாத தெரு இருக்காது, கேட்டால் தருவார்கள்.

எல்லாவற்றுக்கும் முன் நிறுத்துப் பாருங்கள்

ஃபோமின் அடர்த்தியை, கடைக்காரர்கள் டென்சிட்டி என்று சொல்வதை, ஒரு கன மீற்றருக்கு எத்தனை கிலோ என்று கணக்கிடுவார்கள். மெத்தையின் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள், வருவதை 35.3 ஆல் வகுங்கள், கன மீற்றர் வந்துவிடும். 6 அடிக்கு 3 அடி, தடிப்பு 6 அங்குலம், அதாவது அரை அடி என்றால் 9 கன அடி. வகுத்தால் 0.255, சுமாராகக் கால் கன மீற்றர். அந்த மெத்தையின் ஃபோம் 4 கிலோ நிறுத்தால் அடர்த்தி 16, 6 கிலோ என்றால் 24, 8 கிலோ என்றால் 32, 10 கிலோ என்றால் 40. 6 அடிக்கு 5 அடி மெத்தை அதே தடிப்பில் 15 கன அடி, ஆக 0.425 கன மீற்றர். அதில் 32 அடர்த்தி வேண்டுமென்றால் ஃபோம் மட்டும் 13 கிலோவுக்கு மேல் இருக்கவேண்டும்.

உறைக்குக் கழிக்க மறக்கவேண்டாம். பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உறை ஒற்றை மெத்தைக்கே ஒன்றரைக் கிலோ வரும், பெரியதற்கு இரண்டு, இரண்டரை. சிப் இருந்தால் திறந்து உள்ளே இருப்பதை மட்டும் நிறுப்பது நல்லது. லேபலில் உள்ள அளவையும் நம்பவேண்டாம், நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள், ஒன்றிரண்டு அங்குலம் குறைவாக இருக்கும் மெத்தைகளை நான் கனக்கப் பார்த்திருக்கிறேன்.

என் அனுபவத்தில் 16, 18 அடர்த்தி கதிரையின் முதுகுப் பக்கத்துக்கும் தலையணைக்கும் சரி, ஒரு வளர்ந்த ஆள் தினமும் படுப்பதற்கு இல்லை. 24 முதல் 28 வரை பிள்ளைகளுக்கும், எப்போதாவது வருகிற விருந்தாளியின் அறைக்கும் போதும். தினமும் படுக்கிற பெரியவர்களுக்கு 32ல் தொடங்கவேண்டும். உடம்பு கனத்தவர்கள் 40 பக்கம் போவது நல்லது. இந்தக் கணக்கு சாதாரண பொலியூரித்தேன் ஃபோமுக்கு. மெமரி ஃபோம், லேடெக்ஸ், துண்டு ஒட்டிய ஃபோம் எல்லாவற்றுக்கும் எண் வேறு, அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

"நடுவில் குழி விழுந்துவிட்டது"

வருகிற மெத்தைகளில் அரைவாசிக்கு மேல் இந்த முறைப்பாடுதான். உடனே மெத்தையைத் திட்டவேண்டாம். முதல் வேலை, மெத்தையைச் சீமெந்துத் தரையில் விரித்து அரை மணித்தியாலம் விடுங்கள். குழி காணாமல் போனால் மெத்தையில் பிழை இல்லை, கட்டிலில்தான்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு நானா பட்டா லொறி பிடித்து 6 அடிக்கு 6 அடி மெத்தையைக் கொண்டுவந்தார், லொறிக் கூலியே நல்ல காசு. கடைத் தரையில் விரித்தோம், தண்ணீர் ஊற்றினால் ஓடாத அளவுக்கு மட்டமாகக் கிடந்தது. "நானா, வீட்ட போய் கட்டிலுக்குக் கீழ ஒருக்கா குனிஞ்சு பாருங்க" என்றேன். இரவு போன் வந்தது: நடுச் சட்டத்தைத் தாங்குகிற ஐந்தாவது கால் கழன்று சுவர்ப் பக்கம் உருண்டு கிடக்கிறதாம். அந்தக் கால் இல்லாமல் அகலக் கட்டில் எதுவும் நிற்காது. கால் சரியாக இருந்தால் குறுக்குப் பலகைகளைப் பாருங்கள். இரண்டு பலகைக்கு இடையில் மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபோம் அந்த இடைவெளிக்குள் மெதுவாக இறங்கும். கறையான் அரித்த பலகை, ஈரத்தில் வளைந்த பிளைவூட், இதெல்லாம் மெத்தைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும்.

தரையில் விரித்தும் குழி இருந்தால், நூலை மெத்தையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இறுக்கிப் பிடித்து, குழியின் ஆழமான இடத்தில் அளவு நாடாவை நிறுத்துங்கள். அரை அங்குலம் இருந்தால் அது பெரும்பாலும் உறைக்குள் இருக்கிற பஞ்சு அமுங்கியது, எல்லா மெத்தையிலும் நடக்கும். ஒரு அங்குலம் தாண்டினால் ஃபோமே தளர்ந்திருக்கிறது. வாரண்டி அட்டை இருந்தால் எடுத்துப் படியுங்கள், எத்தனை அங்குலக் குழிக்கு மாற்றித் தருவார்கள் என்று அதில் இருக்கும், ஒன்று, ஒன்றரை என்று போட்டிருப்பார்கள். ஆள் படுக்காத நிலையில் அளக்கவேண்டும் என்பதும் அதில்தான் சின்ன எழுத்தில் இருக்கும். நூலோடும் நாடாவோடும் போட்டோ எடுத்து, பில்லையும் எடுத்துக்கொண்டு போனால் கதை சுருக்கமாக முடியும்.

ஏன் தளர்கிறது என்றும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஃபோம் என்பது கோடிக்கணக்கான சின்னக் கூடுகள். பொலியோல் என்கிற திரவத்தையும் ஐசோசயனேட் என்கிற திரவத்தையும் கொஞ்சம் தண்ணீரோடு கலக்கும்போது கரியமில வாயு கிளம்பி, ஆப்ப மா பொங்குகிற மாதிரி அதைப் பொங்கவைக்கும். அந்தக் கூடுகளின் குச்சிகள்தான் நம் பாரத்தைத் தாங்குகின்றன. அடர்த்தி குறைந்த ஃபோமில் சாமான் குறைவு, ஆகவே குச்சிகள் மெலிவு. ஒவ்வொரு இரவும் இடுப்பு இருக்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தும் உடைந்தும் போகும், காற்றில் ஈரமும் சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். எங்கள் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை.

ஒரு அப்பா, மகளுக்கு வீடு கட்டிக்கொடுத்துக் கல்யாணம் முடித்தவர், கட்டில், மெத்தை, அலுமாரி எல்லாம் ஒரே கடையில் எடுத்திருக்கிறார். எட்டு மாதத்தில் மெத்தை நடுவில் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கிவிட்டது. 6 அடிக்கு 5 அடி, 6 அங்குலம். நிறுத்தோம், உறையோடு 9 கிலோ. உறைக்கு 2 கழித்தால் 7, அடர்த்தி 16க்குக் கொஞ்சம் மேல். உறையில் தங்க எழுத்தில் "ஹை டென்சிட்டி" என்று தைத்திருந்தது. அந்தச் சொல்லுக்கு எண் இல்லாவிட்டால் அர்த்தமும் இல்லை, எத்தனை என்று கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? தலைமாட்டையும் கால்மாட்டையும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிப் போடுங்கள். அடுக்கு அடுக்காக உள்ள மெத்தை என்றால் அடி ஃபோமைக் கவிழ்த்துப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம். மேலே மெல்லிய ஃபோம் ஒன்று விரிப்பதால் பலன் இல்லை, அதுவும் குழியின் வடிவத்திலேயே படுக்கும். "குழி இருக்கிற இடத்துல மட்டும் ஒரு துண்டு வெட்டிப் போடுங்க" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், நான் செய்வதில்லை. ஒட்டின வரி கல்லுப் போல இறுகும், இரண்டாம் நாளே முதுகில் உறுத்துகிறது என்று திரும்ப வருவார்கள். உறை நன்றாக இருந்தால் உள்ளே இருக்கிற ஃபோமை முழுதாக மாற்றுவது புது மெத்தையைவிட மலிவு.

"வாங்கும்போது கல்லு மாதிரி இருந்தது, ஆறு மாதத்தில் களியாகிவிட்டது"

இதுதான் நான் முதலில் சொன்ன அமுக்கல் வியாதி. இறுக்கம் என்பது கெமிக்கல் கலவையால் வருவது. அடர்த்தி 18 இருக்கிற ஃபோமையும் இறுக்கமாகச் செய்யலாம், 40 இருக்கிறதையும் பஞ்சு போல மெதுவாகச் செய்யலாம். இறுக்கத்தை அளக்கத் தனி முறையே உண்டு: 4 அங்குல ஃபோமில் 50 சதுர அங்குல வட்டத் தட்டை வைத்து, தடிப்பில் கால்வாசி இறங்குவதற்கு எவ்வளவு பாரம் வேண்டும் என்று பார்ப்பார்கள். அது அடர்த்தியோடு சம்பந்தமில்லாத கணக்கு. மலிவு இறுக்க ஃபோம் கடையில் விறைப்பாக நிற்கும், வீட்டுக்கு வந்து கொஞ்சக் காலத்தில் மெலிந்த குச்சிகள் முறிந்து தொளதொளத்துவிடும். நல்ல ஃபோமும் முதல் சில வாரங்களில் கொஞ்சம் இளகும், அது வேறு, அதோடு நின்றுவிடும்.

இன்னொரு வேலையும் நடக்கிறது. சுண்ணாம்புக்கல் தூள், கல்சியம் காபனேற், ஃபோமில் கலந்தால் எடை கூடும். அப்போது என் தராசுக் கணக்கும் தோற்றுவிடும், அதை மறைக்க விரும்பவில்லை. இதைப் பிடிக்கக் கைதான் வேண்டும். ஃபோமின் வெட்டு ஓரத்தை விரல்களுக்கு இடையில் கசக்குங்கள். வெள்ளைத் தூள் விரலில் ஒட்டினால், அல்லது ஓரம் பிஸ்கட் மாதிரிப் பொடிந்தால் தூள் கலந்தது. நல்ல ஃபோம் கிழிவதற்கு முன் இழுபடும், கலப்படம் இழுபடாமல் பட்டென்று கிழியும்.

வாங்குமுன் கடையில் ஒரு வெட்டுத் துண்டு கேட்டு வாங்குங்கள், செங்கல் அளவு போதும், தரமாட்டோம் என்று சொல்கிறவர்கள் குறைவு. வீட்டில் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, பாதித் தடிப்புக்கு அமுங்கும்வரை கயிற்றால் இறுக்கிக் கட்டி, தகரக் கூரைக்குக் கீழே சூடான இடத்தில் ஒரு நாள் விடுங்கள். அவிழ்த்து அரை மணித்தியாலம் கழித்து அளங்கள். ஆய்வுகூடத்தில் இதையே 70 பாகைச் சூட்டில் 22 மணித்தியாலம் வைத்துச் செய்கிறார்கள், நம்முடையது அவ்வளவு கடுமை இல்லை. ஆகவே 3 அங்குலத் துண்டு நம் சோதனையிலேயே 2.7க்கு மேலே திரும்பி வரவில்லை என்றால் அந்த ஃபோம் வேண்டாம்.

"படுத்தால் அடிப் பலகை தட்டுகிறது"

உட்காரும்போது மட்டும் தட்டினால் கவலை இல்லை, உட்காரும்போது முழுப் பாரமும் ஒரு சாண் இடத்தில் இறங்குகிறது. பக்கவாட்டில் படுக்கும்போதும் இடுப்பெலும்பு பலகையை உணர்கிறது என்றால் தடிப்புப் போதாது, அல்லது ஃபோம் மேலே மெதுவாக இருந்து ஆழத்தில் தாங்காமல் விடுகிறது. நல்ல ஃபோம் அமுங்க அமுங்க எதிர்த்துத் தள்ளும். முழங்காலை மெத்தையில் ஊன்றிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி நிற்கவேண்டும், நேரே அடிக்குப் போகக்கூடாது. 4 அங்குல மெத்தை ஒல்லியானவருக்கும் பிள்ளைக்கும் சரி, 80 கிலோ ஆளுக்கு அது பன்பாயில் படுப்பதற்கு ஒரு படி மேல், அவ்வளவுதான்.

"மெத்தை நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் எழும்பினால் இடுப்பு வலி"

குழி இல்லை, நூல் வைத்தால் மட்டமாக இருக்கிறது, ஆனாலும் வலி என்றால் பெரும்பாலும் மெத்தை அளவுக்கு மிஞ்சி இறுகியது. நாரி நோகுது என்றால் கட்டில் பலகையிலோ தரையிலோ படுக்கச் சொல்வது எங்கள் ஊர் வைத்தியம், அந்த நம்பிக்கையில் கடையிலேயே மிக இறுக்கமானதை எடுத்துவிடுகிறோம். 2003ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஸ்பெயினில் நீண்ட நாள் இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மிக இறுக்கமான மெத்தையும் மறு பகுதிக்கு நடுத்தர இறுக்கமும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தர இறுக்கத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது. ஆகவே உறையில் "ஓர்த்தோபீடிக்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம், அது மருத்துவச் சான்று இல்லை, விற்பனைச் சொல்.

இந்த வகையில் வருகிற மெத்தைகளைத் திறந்தால் அதிகமாக இருப்பது துண்டு ஒட்டிய ஃபோம். ஃபோம் தொழிற்சாலைக் கழிவுத் துண்டுகளை அரைத்து, பசை சேர்த்து அழுத்தி ஒட்டியது, பல நிறத்தில் கற்கண்டு கொட்டின மாதிரி இருக்கும். அடர்த்தி 60, 80, 100 என்று போகும், தராசில் கனமாகத் தெரியும், ஆனால் அந்த எண்ணை 32ஓடு ஒப்பிடக்கூடாது. அடியில் போடுகிற தட்டாக அது நல்ல சாமான், சீக்கிரம் இறங்காது. மேலே இரண்டு அங்குலமாவது மெதுவான ஃபோம் இல்லாமல் அதில் நேரடியாகப் படுத்தால் தோள்மூட்டு சொல்லிவிடும். இதற்குப் பரிகாரம் மலிவானது: 32 அடர்த்தியில் மெதுவான இரண்டு அங்குலத் தட்டு ஒன்று வெட்டி உறைக்குள் மேலே வைத்தால் போதும். வலி கால் வரை இறங்கினால், விறைத்தால், என்னிடம் வரவேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"இரவெல்லாம் வியர்க்கிறது, உடம்பு புதைகிறது"

மெமரி ஃபோமா என்று பாருங்கள். கையை ஊன்றி எடுத்தால் கைத்தடம் மெல்ல மெல்ல மறையும். அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காக 1966ல் விமான இருக்கைகளுக்கென்று செய்யப்பட்ட ஃபோம் அது. அதன் குணமே சூட்டில் இளகுவது. குளிர் தேசத்தில் உடம்புச் சூடு பட்ட இடம் மட்டும் இளகி உடம்புக்கு ஏற்ற மாதிரி வளைந்து கொடுக்கும், சுற்றி உள்ளது இறுகி நிற்கும். இங்கே கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அறையே சூடு, முழு மெத்தையும் இளகிக் கிடக்கும். ஏசி போட்ட கடையில் படுத்துப் பார்த்தபோது விறைப்பாக இருந்தது, வீட்டில் ஃபேனுக்குக் கீழே சேறு மாதிரி இருக்கிறது என்று சொன்ன ஒருவரிடம் நான் இதைத்தான் விளக்கினேன், மெத்தையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஏசி இல்லாத வீட்டுக்கு மெமரி ஃபோம் வேண்டாம் என்பது என் கட்சி. கட்டாயம் வேண்டுமென்றால் மேலே ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் போதும், அதுவும் 50க்குக் குறையாத அடர்த்தியில்.

சாதாரண ஃபோமிலும் வியர்த்தால் உறையைப் பாருங்கள். ரெக்சின் உறை, நீர் புகாத உறை என்றால் காற்றுப் போகாது. பருத்தி உறையும், மேலே மருதமுனைக் கைத்தறி விரிப்பும் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம், கேட்பதற்கு வெட்கப்படாமல் கேட்கிறேன், கடையில் சுற்றித் தந்த பொலித்தீனைக் கழற்றினீர்களா? அழுக்குப் படக்கூடாது என்று வருடக்கணக்கில் பொலித்தீனோடு படுக்கிற வீடுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன, நான் போய்க் கழற்றியும் இருக்கிறேன்.

"மணக்கிறது"

புது மெத்தையில் பெயின்ற் மாதிரி, மருந்து மாதிரி மணம் என்றால் அது கெமிக்கல் மிச்சம், யன்னல் திறந்து காற்றுப் பட விட்டால் சில நாளில், அதிகம் போனால் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். கைக்குழந்தையின் தொட்டிலுக்கு என்றால் மணம் போகும்வரை போடவேண்டாம்.

மண் மணம், ஈரச் சாக்கு மணம் என்றால் பூஞ்சணம். மெத்தையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் இருக்கும். மாரியில், கார்த்திகை, மார்கழியில், துவாய் காய்வதற்கே மூன்று நாள் ஆகிற ஊர் இது. உடம்பு வியர்வை மெத்தைக்குள் இறங்கி அடியில் நிற்கும், கீழே ஓட்டை இல்லாத பிளைவூட் அல்லது வெறும் சீமெந்துத் தரை என்றால் அது போக வழி இல்லை. பிளைவூட்டில் அரை அங்குல ஓட்டைகள் நிறையத் துளையுங்கள். தரையில் விரிப்பவர்கள் காலையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். புள்ளி உறையில் மட்டும் என்றால் உறையைக் கழுவிக் காயவைக்கலாம். ஃபோமுக்குள் ஒரு அங்குலம் இறங்கியிருந்தால் அந்த ஃபோமை எறிவதுதான் வழி, இழுப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

"மஞ்சளாகிவிட்டது, தூள் கொட்டுகிறது"

மஞ்சள் மட்டும் என்றால் பயமில்லை. வெளிச்சமும் காற்றும் பட்டால் ஃபோம் மஞ்சளாகும், கடை ராக்கையில் கிடந்தாலும் ஆகும். தூள் கொட்டினால்தான் ஃபோம் செத்துவிட்டது.

இதில் எங்கள் அம்மாமார் மீது ஒரு முறைப்பாடு. இலவம்பஞ்சு மெத்தையும் தும்பு மெத்தையும் இருந்த காலத்தில் மெத்தையை முற்றத்து வெயிலில் போட்டுத் தடியால் அடிப்பது சரியான வேலை. பஞ்சு மலரும், மூட்டைப்பூச்சி ஓடும். ஃபோம் வந்த பிறகும் அதே பழக்கம். "மெத்தைக்கு வெயில் காட்டணும் மனே" என்று என் அம்மா இன்றைக்கும் சொல்கிறா. உச்சி வெயில் ஃபோமின் மேற்பரப்பை அரித்துவிடும். லேடெக்ஸ் என்றால் இன்னும் மோசம், வெயிலில் கிடந்த இறப்பர் பாண்ட் முதலில் பிசுபிசுத்துப் பிறகு வெடிக்குமே, அதுதான் நடக்கும். ஃபோமுக்குத் தேவை காற்று, நிழல். விறாந்தையில் நிறுத்தி வையுங்கள், போதும்.

லேடெக்ஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று: இறப்பர் பாலை அடித்து நுரையாக்கி அச்சில் வேகவைக்கிற டன்லொப் முறை 1929லிருந்து இருக்கிறது, நம் நாட்டு இறப்பரில் செய்கிற லேடெக்ஸ் மெத்தைகள் வெளிநாட்டுக்கும் போகின்றன. உண்மையான லேடெக்ஸ் நல்ல கனம், 70 அடர்த்தி என்றாலே 6 அடிக்கு 3 அடி, 6 அங்குல மெத்தை 18 கிலோவுக்குக் கிட்ட வரும். "லேடெக்ஸ்" என்று சொல்லித் தருகிற மெத்தையை ஒரு கையால் தூக்கித் தோளில் போட முடிந்தால், மேலே ஒரு அங்குலம்தான் லேடெக்ஸ், கீழே எல்லாம் சாதாரண ஃபோம். வெயில் படாமல், நல்லபடி வைத்திருந்தால் நான் பார்த்த சாமான்களில் அதிக காலம் உழைப்பது அதுதான்.

"வெள்ளத்தில் நனைந்தது"

2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகும், 2024 நவம்பர் கடைசி வெள்ளத்துக்குப் பிறகும் இந்தக் கேள்வி வரிசையில் நின்றது. மழைத் தண்ணீர் கொஞ்சம் தெறித்தது என்றால் உறையைக் கழற்றி, ஃபோமை முறுக்காமல் பலகை வைத்து அமுக்கித் தண்ணீர் வெளியேற்றி, நிழலில் நிறுத்தி ஃபேன் போட்டு இரண்டு மூன்று நாள் விடலாம். முறுக்கினால் கிழியும். வெள்ளத் தண்ணீர் உள்ளே போனால் அது மலசலகூடக் குழித் தண்ணீரும் சேர்ந்த தண்ணீர், ஆறு அங்குலத்தின் நடுவைச் சுத்தம் செய்ய எந்த வழியும் இல்லை. வெளியே காய்ந்தது போலத் தெரியும், நடுவில் கத்தியால் வெட்டினால் ஈரம் இருக்கும். மனம் கேட்காது, தெரியும், புது மெத்தை என்று என் அக்காவே ஒருமுறை ஒளித்து வைத்திருந்தா, பிறகு அந்த அறைக்குள்ளேயே போக முடியவில்லை. மாரி தொடங்கும்போதே மெத்தையை மேசை மேலோ பரணிலோ ஏற்றிவிடுங்கள்.

"சுருட்டி வந்த மெத்தை முழுதாக விரியவில்லை"

ஒன்றிலிருந்து மூன்று நாள் பொறுங்கள். அதன் பிறகும் நான்கு மூலையில் ஏதாவது ஒன்று அரை அங்குலத்துக்கு மேல் குறைவாக நின்றால் திருப்பிக் கொடுங்கள், அது கிட்டங்கியில் மாதக்கணக்கில் சுருண்டு கிடந்து நசுங்கியது.

"எந்தக் கடையில் வாங்கலாம்?"

இது குறை இல்லை, ஆனால் எல்லோரும் கடைசியில் கேட்பது. கல்முனையிலும் காத்தான்குடியிலும் மட்டக்களப்பு டவுனிலும் நல்ல சாமானும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது, ஒரே கடையிலேயே இரண்டும் இருக்கும். நான் சொல்வது, இரண்டு மெத்தைக்கு இடையில் மனம் தடுமாறினால் இரண்டையும் நிறுத்து, உறையைக் கழித்து, விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு எவ்வளவு என்று வந்துவிடும், மீன் வாங்குகிற மாதிரி. மலிவு என்று நினைத்தது பல நேரம் கிலோவுக்கு விலை கூடியதாக இருக்கும். கொக்கித் தராசோடு கடைக்குள் போனால் முதலாளி ஒரு மாதிரிப் பார்ப்பார். சிரித்துக்கொண்டே ஒரு பையனைக் கூப்பிட்டு மெத்தையின் மறு பக்கத்தைத் தூக்கச் சொல்கிற முதலாளியிடம் வாங்குங்கள்.